பாதி திறந்த வால்வு

முக்குளிக்கப் போன கணவன் கரையேறவே இல்லை. அன்று அவன் வீட்டில் விட்டுப்போன, நீருக்கடியில் மூச்சுவிடக் காற்றடைத்த பழைய அலுமினிய சிலிண்டர் மட்டும் படுக்கையறை மூலையில் இடித்தபுளி மாதிரி நின்றது. என்றைக்கு வெடித்துத் தொலைக்குமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள், ஒருவழியாக சிலிண்டர் பரிசோதனைக் கடைக்கு அதைத் தூக்கி வந்தாள்.

மெக்கானிக் மூச்சுக்குழாயையும் காற்றழுத்த மீட்டரையும் மாட்டி, வால்வைப் பாதி திறந்தார். குழாயின் வாய்ப்பகுதி யாரும் தொடாமல் மேசைமேல் கிடந்தது. மீட்டர் முள் சரிந்து எழுந்தது. மறுபடி சரிந்து எழுந்தது.

மெக்கானிக் குழாயின் வாய்ப்பகுதியை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"வால்வு பாதி திறந்திருக்கிறப்போ யாராவது மூச்சு இழுத்தாத்தாம்மா முள் இப்படி ஆடும். காத்து பத்தாம திணறுவாங்க. முழுசாத் திறந்திருந்தா முள் ஆடாது, மூச்சு இழுக்க இழுக்க மெல்ல இறங்கும். இதை வீட்ல வைக்காதீங்க."

அவர் வால்வை மூடப் போனார். அவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மூடாதீங்கண்ணே. முழுசாத் திறந்து விடுங்க."

திறந்தார். முள் ஆடுவது நின்றது. பிறகு, நிதானமாக இறங்கத் தொடங்கியது.