வேர் சொல்லாத நாள்

ஒரு மாந்தோப்பில், காட்டு மாவின் வேரும் ருமானி மாவின் கிளையும் ஒட்டுக் கட்டப்பட்டு ஒரே மரமாக வாழ்ந்தன. வேருக்குள் இருந்தது பாறையிடுக்கில் பிழைத்த தாய்மரத்தின் மரபணு. அது வேரின் தோலெங்கும் நுண்ணிய புரத ஏற்பிகளைக் காவல் வைத்திருந்தது. மண்ணில் ஈரம் சற்றே குறைந்தாலும் அவை சிலிர்த்துக்கொள்ளும். வேர் உடனே மேலே சொல்லி அனுப்பும்.

"தங்கச்சி, இலைகளை வாய் மூடச் சொல்லு. இருக்கிற தண்ணி போயிடும்."

"ஆரம்பிச்சிட்டியா அக்கா?" என்று கிளை சலித்துக்கொள்ளும். "வாயை மூடினா மூச்சு ஏது, சமையல் ஏது? என் பிஞ்சுகளுக்கு நீயா சர்க்கரை தருவே?"

ஒருநாள் அது இன்னும் ஒன்று சொல்லிவிட்டது. "பாறையில பொறந்த புத்தி உன்னை விடுமா?"

வேருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் ஏற்பிகள் துடியாய்த் துடித்தன. வேர் வாயே திறக்கவில்லை.

உச்சிவெயிலில் மண்ணுக்கு மேலே 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு பிஞ்சு விழுந்திருந்தது. பிறகு இன்னொன்று.

"மூடச் சொல்லுடி!" என்று வேர் அலறியது. இலைகள் பதறி வாய் மூடின. மிஞ்சிய பிஞ்சுகள் காம்பைப் பிடித்துக்கொண்டு தப்பின.

வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளை பேசியது. "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீதானே..." என்று தொடங்கிய வேர், தன்மேல் கிடந்த பிஞ்சுகளின் கனத்தை உணர்ந்து நிறுத்திக்கொண்டது.

கிளை மெல்லக் கேட்டது. "அக்கா, நாளைக்கு ஈரம் எப்படியிருக்கும்?"

வேர் அதற்குள் மண்ணைத் தடவிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.