பிறந்த வீட்டுக் கோடி

பெட்டிக்கு மூடி சரியாகப் பொருந்தியது. தச்சன் ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு போதகரைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் பக்கத்து வீட்டு மாரக்காள். "பொறந்த ஊட்டுக் கோடி போத்தாம பொண்ணப் பொட்டில வெச்சு மூடறதா?"

செத்த மகளுக்குத் தகப்பன் கொண்டுவந்து போர்த்தும் கடைசிச் சேலை அது.

"வேதத்துக்கு வந்தவங்களுக்கு அதெல்லாம் கிடையாது" என்றான் சாமுவேல்.

"உங்களுக்கு இல்லாம இருக்கட்டுங்க வாத்தியாரே. அவளுக்கு இருந்துச்சில்லீங்க?"

சாமுவேல் பெட்டிப் பக்கம் திரும்பினான். பெட்டிக்குள் மனைவியின் முகம் பள்ளிப் பிள்ளையின் முகம்போலச் சிறுத்திருந்தது.

அவனோடு பூவாத்தாளும் ஞானஸ்நானம் பெற்ற அன்று, இனி தனக்கு மகளே இல்லை என்று இராசிபுரத்துத் தெருவில் நின்று அவள் தகப்பனார் சென்னிமலை கத்தினார். கத்திவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

காசநோயில் படுத்த பிறகு அவள் ஒன்றைத்தான் கேட்டாள். அப்பா வந்தாரா?

இல்லை என்பான் சாமுவேல்.

மறுநாளும் கேட்பாள். இல்லை என்பான்.

பெற்றவர் கைவிட்டாலும் கைவிடாத பிதா ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடு என்றான். கல்லூரிப் படிப்பும் வேதப் படிப்பும் சேர்ந்த குரல் அவனுக்கு. சொன்னால் நம்பத் தோன்றும்.

முதலில் அழுதாள். பிறகு கூப்பிடத் தொடங்கினாள்.

அவன் சொல்லிக்கொடுத்த ஜெபம் அவள் வாயில் நிற்கவில்லை. "அப்பா, மோரு குடிச்சா நெஞ்சு அடைக்குது. அப்பா, இந்தத் தலகாணியச் சித்த நவத்து" என்பாள். தறிக்குழிக்குப் பக்கத்தில் பழந்துணி விரித்துத் தூங்கிய வயதில் சென்னிமலையிடம் பேசிய பேச்சு அது.

பேசி முடித்தால் தூங்கிவிடுவாள். இருமல்கூடக் குறைந்தது.

போதகர் ஒருநாள் கதவோரம் நின்று கேட்டார். வெளியே வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிதாவின் அன்பை இந்தப் பெண்ணைப்போல ருசித்தவர் நம் சபையில் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். முன் பெஞ்சியில் சாமுவேல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அடக்கம் என்று சபை நினைத்தது.

இன்று விடியலில் போய்விட்டாள்.

போதகர் தச்சனுக்குத் தலையசைத்தார்.

அப்போது வேலிக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். தலையில் நாமக்கல் சந்தைக்குக் கொண்டுவந்த சேலை மூட்டை. முற்றத்துக் கூட்டத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூட்டையை மண்ணில் போட்டு அவிழ்த்து, விற்க வைத்திருந்த சேலைகளைத் தள்ளித் தள்ளிச் சிவப்பாக ஒன்றை உருவினார்.

"அட சாமி, அவ அப்பனுங்க!" மாரக்காள் குரலெடுத்து அழுதாள்.

சென்னிமலை வேலியைத் தாண்டவில்லை.

"இன்னைக்காச்சும் உள்ள வரலாமுங்களா, மாப்பிள்ளை?"

சாமுவேல் வழிவிட்டான்.

கிழவர் சேலையை உதறிப் போர்த்தினார். குளிருக்கு இழுத்து மூடுவதுபோல விளிம்புகளைத் தோளுக்கடியில் செருகினார். மகளின் நெற்றியைத் தடவினார். பிறகு நிமிர்ந்து மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் முற்றம் முழுக்கக் கேட்டது.

"போன சந்தைக்கும் பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து நின்னனுங்களே. என்ற மேல அவளுக்குக் கோவம் தீரல, மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறான்னு சொன்னீங்க. கடைசில தீந்துச்சுங்களா?"

மாரக்காளின் அழுகை நின்றது. போதகர் மெல்லச் சாமுவேல் பக்கம் திரும்பினார்.

சாமுவேல் கிழவரை மட்டும் பார்த்தான்.

"தீந்துருச்சுங்க மாமா."

சென்னிமலை அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"போதும் சாமி. எனக்கு அது போதும்."