நாற்பது கேசட்டும் ஓர் அலமாரியும்

வீட்டு விசேஷங்களை எடுத்த வீடியோ கேசட்டுகள் நாற்பதையும் தூசி தட்டி அடுக்கி, அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார் வீட்டுக்காரர். சாத்தினதுதான் தாமதம், உள்ளே சண்டை கிளம்பிவிட்டது.

"மேல் தட்டு எனக்குத்தான். நான் மூத்த பையன் கல்யாணம்" என்றது ஒரு கேசட்.

"தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதானே உங்க ஆளுக்குப் பொண்ணே பார்த்தாங்க? முதல்ல நடந்தது நான்தான்" என்று எகிறியது தங்கை கல்யாணம்.

"கிரகப்பிரவேசம் நான். நான் இல்லேன்னா இந்த அலமாரியை எந்த வீட்டுல கொண்டுபோய் வெச்சிருப்பாங்க?" என்று கீழ்த் தட்டிலிருந்து இன்னொன்று கத்தியது.

ஒவ்வொரு தடவை அடுக்கும்போதும் இதே கூத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அலமாரி, பலகையெல்லாம் அதிரக் கத்திவிட்டது.

"வாயை மூடித் தொலைங்க! உங்களைப் போட்டுப் பார்க்கிற டெக்கைப் பழைய சாமான்காரன் தூக்கிட்டுப் போய் பத்து வருஷமாச்சு. இனிமே உங்களை ஒருத்தரும் பார்க்க முடியாது!"

நாற்பதும் கப்சிப். அப்பாடா என்று மூச்சுவிட்டது அலமாரி.

கொஞ்ச நேரம் கழித்து மூத்த பையன் கல்யாணம் மெதுவாகக் கேட்டது.

"அப்போ கூடத்துல, டிவி பக்கத்துல, டெக் இருந்த இடம் காலிதானே? அங்கே யார் உட்கார்றது?"