பூரிக்கட்டை

பழைய பேனாவைப் போலவே ஒல்லியாக ஒரு மரப்பேனா வேண்டும் என்று கேட்டிருந்தாள் பத்திரம் எழுதும் கோமளவல்லி. பஸ் விபத்துக்குப் பிறகு அவளுடைய வலக்கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. எட்டு மாதமாக எந்தப் பேனாவும் அவள் பிடியில் நிற்கவில்லை. கடைசல் பட்டறை சூசையிடமோ, மரத்தை எதுவரை சீவலாம் என்று அளவு காட்டும் வளையம் இல்லை. பழைய தையல் மிஷினில் கழற்றிய வளையத்தை மாட்டிக் கடைந்தார். அது பெரிது, உளி அதில் முட்டி நின்றுவிட்டது. பேனா கட்டைவிரலைவிடத் தடித்து வந்தது.

"பேனா கேட்டா பூரிக்கட்டை குடுக்கீங்களே அண்ணாச்சி!"

"சரியான வளையம் வரட்டும்மா, வேற கடைஞ்சு தாரேன். இதக் குடு" என்று கையை நீட்டினார் சூசை.

அவள் கொடுக்கவில்லை. அந்தத் தடிமனைச் சுற்றி அவளுடைய விரல்கள், மடங்கிய அளவே போதும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தன. பலகையில் கிடந்த தாளில் பிள்ளையார் சுழி போட்டாள். சுழி வளைந்தது. அதன் கோடு தாளைத் தாண்டி, மரத்தூளைக் கிழித்துக்கொண்டு, பலகைமேல் போய்க்கொண்டே இருந்தது.

சூசை குறுக்கே கிடந்த உளியை எடுத்து வழிவிட்டார்.