மடித்து வைத்த மேற்கு

“அந்த ஃபிரேமைக் கழட்டுங்க சார்.”

இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தாகமா, தண்ணீர் கேள். கால் வலியா, நாற்காலி கேள். வரைபட அறையில் மாட்டியிருக்கும் வரைபடத்தை மட்டும் தொடாதே, தொடச் சொல்லாதே.

மாளிகையின் செயலாளர் காதில் விழாத மாதிரி ஜன்னல் கட்டையை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தூசி. நூற்றைம்பது வருஷத்து மாளிகையில் எந்த மூலையில் தூசி இருந்தாலும் அந்த விரல் கண்டுபிடித்துவிடும்.

“என்னம்மா, கிண்டலா?”

“இல்ல சார். கழட்டணும். இப்பவே.”

என் பின்னால் பதினோரு பார்வையாளர்கள்.

இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் இங்கே சம்பளமில்லாத வழிகாட்டி நான். மாடிக்கு எத்தனை படி, எந்தக் கட்டிலில் எந்தப் பெரியவர் செத்தார், எல்லாம் ஒப்பிப்பேன். ஆனால் நான் வந்தது கட்டிலைப் பார்க்க இல்லை. இந்த வரைபடத்தைப் பார்க்க.

பழைய வரைபடம் என்றால் எனக்குப் பைத்தியம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்; படித்தது புவியியல். “வழி தெரியாதவன்தானே மேப் பார்ப்பான், உனக்கென்ன?” என்று அப்பா கேட்டார். அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

போன மாதம் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். “மதிலுக்கு மேற்கே அந்தக் காலத்தில் வெறும் பொட்டல்.” இவர்கள் எழுதிக்கொடுத்த வரி. வரைபடத்தைச் சுற்றி இரட்டைக் கோடு. மேலே இருக்கிறது. கீழே இருக்கிறது. கிழக்கே இருக்கிறது.

மேற்கே இல்லை.

கையால் வரைபடம் போடுகிறவன் சுற்றிக் கோடு போட்டுத்தான் முடிப்பான். மூன்று பக்கம் போட்டுவிட்டு, நாலாவதை மறந்து எழுந்து போகமாட்டான். அப்படியென்றால் தாள் அங்கே முடியவில்லை. மடித்திருக்கிறார்கள்.

மேற்கே இப்போது பதினோரு வீடுகள். எங்கள் தெரு. மாளிகைத் தோட்டத்தை ஆக்கிரமித்து உட்கார்ந்திருக்கிறோமாம். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ். திங்கட்கிழமை விசாரணை. எங்களிடம் இருப்பது முப்பது வருஷத்து வரி ரசீது. அவர்களிடம் இருப்பது இந்த வரைபடம்.

நான் எந்தத் தெரு என்று தூசிக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

“வழிகாட்டிங்க அதெல்லாம் கேக்கக் கூடாது,” என்றார்.

“பார்வையாளர் கேக்கலாமே. எந்தப் பொருளையும் கிட்ட வச்சுப் பாக்கக் கேக்கலாம்னு வாசல்ல நீங்கதான போர்டு மாட்டியிருக்கீங்க?”

“யாரு கேக்கறா இங்க?”

“நான் கேக்கறேன்,” என்றார் கூட்டத்தில் முதல் ஆளாக நின்ற ஓர் அம்மணி. இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை.

“இந்த மேடம் கேக்கறாங்க சார்.”

“நானும்.”

“நானும்தான். டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கோம், ஓசியில வரல.”

தூசி சிரித்தார். “பாத்துட்டுப் போங்க. மேற்கே மண்ணுதான்.” ஜன்னல் கீல் சரிபண்ண வந்திருந்த தச்சர் அண்ணனுக்குக் கை காட்டினார்.

எட்டுத் திருகாணி. ஒவ்வொன்றாகக் கழலக் கழல எண்ணிக்கொண்டே நின்றேன். மடிப்பில் ஒன்றுமே இல்லை என்றால்? அவர்களுக்கு நாங்களே சாட்சி தேடிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பின்பலகை கையோடு வந்தது. ஒரு சாண் அகலத்துக்குத் தாள் உள்ளே மடிந்திருந்தது. ஃபிரேம் பத்தவில்லையா, மனசு பத்தவில்லையா, மடித்தவருக்கே வெளிச்சம்.

தச்சர் அண்ணன் இரண்டு கையாலும் மெதுவாக விரித்தார்.

வெயில் படாத சாயம் நேற்றுப் பூசியது போல இருந்தது. ஒரு தெரு. ஒரு கிணறு. வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்புக் கட்டங்கள், பக்கத்தில் பொடி எழுத்தில் ‘குடியிருப்பு’. எல்லாம் முடிந்த இடத்தில், நாலாவது இரட்டைக் கோடு.

எண்ணினேன். பதினாலு. திரும்ப எண்ணினேன். பதினாலேதான்.

கிணற்றை ஒட்டி மூன்று வீடுகள். வரைபடத்தில் அந்தக் கிணறு மதிலுக்கு வெளியே இருந்தது. இன்றைக்கு அது மதிலுக்கு உள்ளே இருக்கிறது. “பெரியவர் வெட்டிய கிணறு” என்று ஞாயிறுதோறும் நான் கைநீட்டிக் காட்டுகிற அதே கிணறு. மூன்று வீடுகள் இருந்த இடத்தில் தூசியின் கார் கொட்டகை.

“ஆக்கிரமிப்புன்னா இதுதானா சார்?”

அந்த விரல் எதையும் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அதற்குள் பதினோரு போன்களும் படம் எடுத்து முடித்துவிட்டன.

“நீ யாருக்கு வேலை பாக்கற?”

“வேலையா? சம்பளம் எப்ப சார் குடுத்தீங்க?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“பேட்ஜைக் கழட்டி வச்சுட்டு வெளிய போ!”

கத்திவிட்டுத்தான் என் தோளைப் பார்த்தார். அங்கே பேட்ஜ் இல்லை. விலகல் கடிதத்தோடு சேர்த்துக் காலையிலேயே அவர் மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் பன்னிரண்டாவது டிக்கெட்டை வாங்கியிருந்தேன். மேஜையில் தூசி இருக்கிறதா என்று பார்த்திருப்பார். கடிதத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

பையிலிருந்து மனுவை எடுத்தேன். எல்லாம் எழுதி முடித்து ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். ‘பதினான்கு வீடுகள்’ என்று அழுத்தி எழுதினேன். பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.

கூடத்தைக் கடந்து நடந்தேன். வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது, காலையில் பதினோரு பேரும் எழுதிய பக்கத்தோடு. முகவரிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே தெரு. கதவு எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை.

படி இறங்கும்போது அந்த அம்மணி என் காதருகே வந்தார்.

“மேடமா? வீட்டுக்கு வாடி, வச்சுக்கறேன் உன்ன,” என்றாள் அம்மா.