பேச்சு விட்டுப்போனவர்

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் கணவர் தொப்பியை எடுத்தார்.

"எங்க?"

"ஒருத்தரைப் பார்க்கணும். ரொம்ப நெருக்கமா இருந்தோம். இப்போ பேச்சு விட்டுப்போச்சு."

ஊருக்கே புத்தி சொல்கிற மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வாராவாரம் இதே கதைதான். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவர் ஏறிய பஸ்ஸிலேயே பின்பக்கமாக ஏறினேன்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஒரு சந்துக்குள் போனார். தகரக் கூரை போட்ட அறைக்குள் நுழைந்தார். உள்ளே பெண்கள் குரல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

அது ஜெபக்கூடம். கடைசி வரிசையில் முழங்காலில் நின்றிருந்தார்.

அருகில் போனேன். "ஏங்க, நம்ம சபைக்கே போதகர் நீங்க. இங்க எதுக்கு ஒளிஞ்சு வர்றீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலைல அத்தனை பேரையும் ஜெபம் பண்ண வச்சேன். நான் இன்னும் பண்ணலம்மா."