வேலையிடம் பார்க்க வந்த சம்பந்தி

“அவ வாற நேரம் அந்தப் போத்தலுகளை எல்லாம் எங்கையாவது ஒளிச்சு வை, பிள்ளை.”

“அப்பா, இது வைன் ருசி பாக்கிற இடம். போத்தலை ஒளிச்சா மிச்சம் நாலு கதிரையும் நானும்தான்.”

நித்தியானந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை பத்து மணிக்கே மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது.

மகள் ராகவிக்கு வேலை, மெல்பேர்னுக்கு வடக்கே ஒரு பழைய திராட்சைத் தோட்டத்தில். கொடிகளுக்கு நூறு வயதுக்கு மேல். வருகிறவர்களுக்கு அந்தக் கொடிகளின் வைனை ஒவ்வொரு மிடறாக வார்த்துக் கொடுப்பாள். வைன் செய்யவும் படித்தவள்.

சம்பந்தம் பேசியபோது நித்தியானந்தன் தரகரிடம் சொன்னது வேறு.

“மகள் விவசாய ஆராய்ச்சியில இருக்கிறா. எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் மேசை வேலைதான்.”

மாப்பிள்ளை கீர்த்தனனுக்கு உண்மை தெரியும். மூன்று மாதமாகப் பேசிப் பழகியதில் இருவருக்கும் நன்றாகப் பிடித்துப் போயிருந்தது. தெரியாதது அவன் தாய் யோகராணிக்குத்தான். ஏழு நாளும் மரக்கறி. சிட்னியின் பரமட்டாப் பக்கம் அவர் வருகிறார் என்றால் பியர் ரின்னை வாழைமரத்துக்குப் பின்னால் வைக்கிறவர்கள் உண்டு. அந்த மனுஷிதான் சிட்னியிலிருந்து வந்திறங்கி, “பிள்ளையின்ர வேலையிடத்தைப் பாக்கோணும்” என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“அம்மா வந்து பாக்கட்டும், விடும்” என்று கீர்த்தனன் போனில் சிரித்தான். அவனுக்கென்ன, சிரிப்பான். ராகவிக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அவனை இழக்க அவளுக்கு மனமே இல்லை.

பதினொரு மணிக்கு யோகராணி வந்தார். நெற்றி நிறைய விபூதி. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சுவர் முழுக்கப் போத்தல்.

“இது என்ன இடம், அண்ணை?”

“ஆராய்ச்சி... ருசி ஆராய்ச்சி” என்றார் நித்தியானந்தன்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கிளாஸை மணந்து, ஒரு மிடறு எடுத்து, வாயில் உருட்டி, பக்கத்திலிருந்த வாளிக்குள் துப்பினாள். நித்தியானந்தனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தீங்களே! இங்க ஒருத்தரும் குடிக்கிறேல்லை. துப்பீடுவினம்!”

அந்தப் பெண்ணின் புருஷன் துப்பவில்லை. மூன்று கிளாஸை அடுத்தடுத்து விழுங்கிவிட்டு, நாலாவதுக்குக் கையை நீட்டினான்.

“இவர் புதுசு போல” என்றார் நித்தியானந்தன். ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை பொய்தான் சொல்வார், பாவம்.

ராகவியால் அதற்கு மேல் முடியவில்லை. வார்த்துக்கொண்டிருந்த போத்தலை மேசையில் வைத்தாள்.

“அன்ரி, இது ஆராய்ச்சியும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் இங்க வைன் வாத்துக் குடுக்கிறன். அறுவடை நேரம் தோட்டத்தில இறங்கிப் பழமும் வெட்டுவன். எனக்கு இந்த வேலை நல்ல விருப்பம். இனிப் பிடிக்கிறதும் பிடிக்காததும் உங்கட கையில.”

யோகராணி கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

“முடிஞ்சுது” என்றார் நித்தியானந்தன். “உன்ர உண்மையைக் கொண்டுபோய் உப்பில போடு! இனி ஆர் உனக்கு மாப்பிள்ளை தேடுறது?”

ராகவிக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் பின்னால் ஓடினார்கள்.

யோகராணி காருக்குப் போகவில்லை. தோட்டத்துக்குள் போயிருந்தார். ஒரு கிழட்டுக் கொடிக்கு முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருந்தார். அடித்தண்டில் முளைத்திருந்த வேண்டாத தளிர்களைப் பெருவிரலால் சடசடவென்று ஒடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் வந்து சேர்வதற்குள் மூன்று கொடி முடிந்துவிட்டது.

ராகவி வாயைப் பிளந்தாள். அந்த வேகம் அவளுக்கே வராது.

“அன்ரி, இது உங்களுக்கு எப்பிடி...?”

“இப்பவே ஒடிக்கோணும் பிள்ளை. விட்டா கொடியின்ர பலத்தை எல்லாம் இது உறிஞ்சிப் போடும். இந்த வரிசை ஆரின்ர பொறுப்பு? சோம்பேறி!”

“என்ர பொறுப்புத்தான் அன்ரி.”

“ம்... பழகுவாய். நான் பழக்கிறன்.”

நித்தியானந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோபமா, சம்மதமா? கையைப் பிசைந்தார்.

“அக்கா, நான் ஆராய்ச்சி எண்டு சொன்னது பிழைதான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ.”

யோகராணி எழுந்தார். விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். இவ்வளவு நேரமும் கறாராக இருந்த அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு தயக்கம் தெரிந்தது.

“நானும் ஒண்டு சொல்லோணும், அண்ணை. பிள்ளையிட்டயாவது தனியச் சொல்லுவம் எண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான். நான் கந்தோரில மேசை வேலை செய்ததெண்டு தரகர் சொல்லியிருப்பார். அது பொய். கிரிஃபித் எண்ட ஊரில ஆறு வருசம் கூலிக்குத் திராட்சைப் பழம் வெட்டினனான். கீர்த்தனன் கொடிக்குக் கீழ, பழப்பெட்டிக்குள்ள நித்திரை கொண்டு வளந்த பிள்ளை. உங்கட குடும்பத்தில எல்லாருக்கும் மேசை வேலை எண்டு கேள்விப்பட்டவுடன, கூலிக்காரியின்ர மகனுக்கு நீங்கள் பொம்பிளை தரமாட்டியளோ எண்டு பயந்துபோனன்!”